மாலத்தீவில் ஆசிரியர் வேலை: எந்தத் தீவு என்று முதலில் பாருங்கள்

திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு கணித ஆசிரியை எழுதியிருக்கிறார். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர். மாலத்தீவில் ஒரு அரசுப் பள்ளியில் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. "அது எப்படிப்பட்ட நாடு? கையில் பணம் மிஞ்சுமா? கடலில் மூழ்கப்போகிற ஊருக்கா போகிறாய் என்று அம்மா பயப்படுகிறார், என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது சம்பளத்தில் இல்லை. தீவின் பெயருக்கு முன்னால் 'ஜிடிஎச்' என்று மூன்று எழுத்து இருக்கிறதே, அதில்தான். அங்கே பத்து வருடம் பள்ளிகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மூன்று எழுத்தைப் பொறுத்துத்தான் உங்கள் இரண்டு வருடமும் அமையும்.

மாலத்தீவு வரைபடத்தில் ஒரே நாடு. வாழ்வதற்கு அது கடலில் சிதறிக் கிடக்கிற ஏறத்தாழ 190 ஊர்கள். வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மொத்தம் சுமார் 1,200 பவளத்தீவுகள். எல்லா நிலத்தையும் கூட்டினாலும் 300 சதுர கிலோமீட்டர்தான் வரும். சென்னை மாநகராட்சி அதைவிடப் பெரியது. தீவுகள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. ஒரு வளையத்தை அவர்கள் 'அதொளு' என்பார்கள். உலகமே புவியியலில் சொல்கிற 'அட்டோல்' என்ற சொல் இவர்களுடைய திவேஹி மொழியிலிருந்து போனதுதான். ஒவ்வொரு அட்டோலுக்கும் ஒரு எழுத்துக் குறி உண்டு. உங்களுடைய 'ஜிடிஎச்' என்பது காஃபு தாலு. தலைநகர் மாலேயிலிருந்து தெற்கே சுமார் 400 கிலோமீட்டர், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். மாலேயில் இறங்கியதும் உள்நாட்டு விமானம், அப்புறம் ஸ்பீட்போட் என்று போக வேண்டியிருக்கும். அந்தப் பயணச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும். அங்கே அதை ஹுளங்கு என்பார்கள். அந்த மாதங்களில் படகு நின்றுபோவதும், காய்கறி வருகிற சரக்குப் படகு தாமதமாவதும் சாதாரணம். நீங்கள் சைவமாக இருந்தால் இதை யோசிக்கத்தான் வேண்டும். தீவில் விளைவது தேங்காய், பப்பாளி, கொஞ்சம் கீரை. மற்றதெல்லாம் வெளியிலிருந்து வருவது. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கவலையே இல்லை. சூரை மீன்தான் அவர்களுக்கு எல்லாமே. வலை போடாமல் தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாடு பரம்பரையாக அங்கே அவித்து, புகையில் வாட்டி, காயவைத்துச் செய்யப்படுவது. தூத்துக்குடியிலிருந்து அரிசியும் வெங்காயமும் தோணியில் மாலேக்குப் போவதும் இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை.

2022 கணக்கெடுப்புப்படி அங்கே வாழ்பவர்கள் சுமார் 5 லட்சத்து 15 ஆயிரம் பேர். அதில் நாலில் ஒரு பங்கு வெளிநாட்டவர். மாலேயில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். உங்கள் தீவில் சில நூறு பேரோ சில ஆயிரம் பேரோதான் இருப்பார்கள், ஒரு மாதத்தில் எல்லா முகமும் பழகிவிடும். சாயங்காலம் கடற்கரையில் வலைபின்னிய 'ஜோலி' நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற பெண்கள் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் மிகுந்த அன்பு உண்டு. தனியாக வருகிற ஆசிரியையை ஊரே கவனித்துக்கொள்ளும், அதை அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். பாடம் ஆங்கிலத்தில் என்பதால் வகுப்பறையில் சிரமம் இல்லை. ஆனால் கடைத்தெருவுக்கு நாலு வார்த்தை திவேஹி வேண்டும். அதன் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும்.

மதம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 1153-ல் பௌத்தத்திலிருந்து இஸ்லாத்துக்கு மாறிய நாடு அது. 2008 அரசியல் சாசனப்படி முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது. வேறு மத வழிபாட்டைப் பொதுவில் நடத்தக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோக அனுமதி இல்லை. விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அறைக்குள் நீங்கள் கண்மூடி வேண்டிக்கொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை. மது, பன்றி இறைச்சி எதுவும் கூடாது. சுடிதார் போதும். வார விடுமுறை வெள்ளி, சனி.

ஆட்சி பற்றி உங்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான். 1965 ஜூலை 26-ல் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை, 1968-ல் குடியரசு. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபர், மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றம். 2023 நவம்பர் முதல் முகமது முயிசு அதிபர். அரசியலில் அலை நிறைய உண்டு, இந்தியா பற்றிய பேச்சும் அதில் அடிபடும். ஆசிரியர் அறையில் அந்த விவாதத்தில் சேராதீர்கள். உங்கள் தீவில் குடிநீர், குப்பை, படகுத்துறை என்றால் தீவு கவுன்சில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சம்பளம், விடுப்பு எல்லாம் பள்ளி வழியாகக் கல்வி அமைச்சகத்தின் பொறுப்பு.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அவர்களுடைய நாணயம் ருஃபியா. ஒரு டாலருக்கு 15.42 என்பது அதிகாரபூர்வ விலை. நாட்டுக்கு டாலர் வருவது பெரும்பாலும் சுற்றுலாவில்தான்; 1972-ல் தொடங்கிய அந்தத் தொழில் 2024-ல் இருபது லட்சம் பயணிகளைத் தாண்டியது. ஆனால் அரிசி முதல் ஜெனரேட்டர் டீசல் வரை வெளியிலிருந்து வாங்குவதால் வந்த டாலர் நிற்பதில்லை. அதனால் வங்கிக்கு வெளியே டாலர் விலை அதிகம். வங்கியில் ஊருக்கு அனுப்பப்போனால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும், அந்த வரம்பும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே சம்பளத்தை 15.42-ஆல் வகுத்து இந்திய ரூபாயில் கணக்குப் போட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அதே பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் இந்திய ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, "போன மாதம் எவ்வளவு அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். அந்த எண்தான் உங்கள் சம்பளம். வருமான வரி மாதம் 60,000 ருஃபியாவைத் தாண்டினால்தான், அது உங்களைத் தொடாது. வீட்டு வாடகைப்படி தனியாகவா, சம்பளத்துக்குள்ளேயா என்று பாருங்கள். வருடத்துக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பு சட்டப்படி உண்டு.

இந்தியர்களுக்கு இறங்கியதும் 90 நாள் சுற்றுலா விசா இலவசம். அதைச் சாக்காக வைத்து, "முதலில் போய்விடுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் டிக்கெட் போடாதீர்கள். வேலை அனுமதிக் காகிதம் கையில் வந்த பிறகே கிளம்ப வேண்டும். என் நண்பர் ஒருவர் அப்படிப் போய் மாலேயில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு இரண்டு மாதம் கிடந்தார்.

மூழ்குவது பற்றி அம்மா கேட்டதற்கு வருகிறேன். நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடே இரண்டரை மீட்டருக்குள்தான், அதனால் அவர் பயம் வீணானதல்ல. 2004 சுனாமியில் அங்கே 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் இரண்டு வருடத்தில் தீவு போய்விடாது. அன்றாடத்தில் தெரிவது வேறு: கரை அரிப்பு, பேரலை நாட்களில் தெருவுக்குள் கடல்நீர், உப்பேறிய கிணறு. குடிக்க மழைநீர்த் தொட்டியோ கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீரோ இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் தீவின் சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா, அட்டோல் மருத்துவமனைக்கு ஸ்பீட்போட்டில் எவ்வளவு நேரம் என்பது. அந்தப் பதில் ஒரு மணி நேரத்துக்குள் என்று வந்தால், சம்பளக் கணக்கும் ஒத்துவந்தால், நான் உங்களைப் போகச் சொல்வேன். புளி, சாம்பார் பொடி, இரண்டு மாதத்துக்கான மருந்து (டாக்டர் சீட்டோடு), நல்ல குடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.