பிளக்கரால் பிடுங்கினால் முடி தடித்து வளருமா?

கேள்வி: எனக்கு 27 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக முகவாய்க்குக் கீழே கருகருவென்று முடி வருகிறது. தினமும் காலையில் பிளக்கர் வைத்துப் பிடுங்கிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். ‘பிடுங்கப் பிடுங்கத் தடித்துத்தான் வளரும், கை வைக்காதே’ என்கிறார் அம்மா. ‘விடாமல் பிடுங்கினால் வேர் செத்து முடியே நின்றுவிடும்’ என்கிறார் பார்லர் அக்கா. யார் சொல்வது சரி? தை மாதம் கல்யாணம். அதற்குள் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் முகவாயைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரியில்லை. பிடுங்குவதால் முடி தடிக்காது, நிற்கவும் செய்யாது. ஆனால் தோல் கெடும். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத விஷயமும் அதுதான், எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான்.

முதலில் முடி. பிடுங்கிய முடி ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அடி முனை கறுப்பாக, ஈரமாக, பளபளப்பான உறையோடு இருந்தால் அது வளர்ந்துகொண்டிருந்த முடி. காய்ந்த, பொடிப்பொடியான வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வளர்ச்சி முடிந்து, தானாக உதிரக் காத்திருந்த முடி. இந்தக் குமிழைப் பார்த்துத்தான் ‘வேரோடு வந்துவிட்டது’ என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். முடியை உண்டாக்கும் இடம் அது இல்லை. முடிக்குழியின் அடியில் ரத்த நாளங்களோடு இருக்கும் பாப்பிலா என்ற சின்னத் திசுவும், குழியின் பக்கச் சுவரில் இருக்கும் ஸ்டெம் செல்களும் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. கோரைப்புல்லை இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், அப்படித்தான் இதுவும்.

பிடுங்கிய அதே குழியிலிருந்து புது முடி தோலுக்கு மேலே தலைகாட்ட, புருவத்தில் சுமார் 2 மாதமும் முகவாயில் சுமார் 3 மாதமும் ஆகும். ‘அப்படியானால் எனக்கு ஏன் தினமும் வருகிறது?’ என்று கேட்பீர்கள். தினமும் வருவது நேற்றுப் பிடுங்கிய முடி இல்லை. முகவாயில் எல்லாக் குழிகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. சில வளரும், சில ஓய்வில் இருக்கும். இன்று நீங்கள் பார்ப்பது பக்கத்துக் குழியில் தன் முறைக்குக் காத்திருந்த முடி. பிளக்கர் வழுக்கி நடுவில் முறிந்த முடி என்றால் மட்டும் இரண்டு மூன்று நாளிலேயே முள்ளாகக் குத்தும்.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்; நீங்கள் பிடுங்க ஆரம்பித்த பிறகு முடி கூடியிருக்கும். அதற்குக் காரணம் ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன். பெண்கள் உடம்பிலும் அது சிறிதளவு உண்டு. முகத்திலுள்ள பூனைமுடி ஒவ்வொன்றாகக் கறுத்துத் தடிப்பது அதன் தூண்டுதலால். கறுக்கத் தொடங்கியதும்தான் பிளக்கரை எடுக்கிறோம். நாம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஹார்மோன் அடுத்தடுத்த முடிகளை மாற்றிக்கொண்டே போகும். பழி பிளக்கர் மேல் விழுகிறது.

2015இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைக் காட்டி, ‘200 முடி பிடுங்கினால் 1,200 முடி வளருமாமே’ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அது எலிகளின் முதுகில், முடிகள் ஓய்வு நிலையில் இருந்தபோது, குறிப்பிட்ட நெருக்கத்தில் பிடுங்கிச் செய்த ஆய்வு. ஏற்கெனவே இருந்து உறங்கிய குழிகள் கூட்டாக விழித்தன. புதிய குழிகள் முளைக்கவில்லை. உங்கள் முகவாய்க்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

பார்லர் அக்கா சொல்வதில் புருவத்தைப் பொறுத்தவரை கொஞ்சம் உண்மை இருக்கிறது. பல வருடம் ஒரே இடத்தில் இழுத்து இழுத்துக் குழி தழும்பாகிப் போனவர்களுக்குப் புருவம் மெலிந்தே நின்றுவிடுவதுண்டு. முகவாயில் அதை நம்பி உட்கார முடியாது. அங்கே ஹார்மோன் அந்தக் குழிகளை விடாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது.

இனி தோல். வட சென்னையின் புழுக்கத்தில், வேர்வை காயாத முகவாயில், தினம் பிடுங்கிய குழிகளில் சீழ்ப்பரு வருவது சாதாரணம். மறுபடி வளரும் முடி சில சமயம் வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். அதை ஊசியால், நகத்தால் தோண்டுவார்கள். நம் மாநிறத் தோலுக்கு ஒரு சுபாவம் உண்டு: எங்கே புண்பட்டாலும் அங்கே கறுத்துவிடும். என்னிடம் வரும் பெண்களில் பலருக்கு எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து முடிதான் இருக்கும். அதைத் தோண்டித் தோண்டி முகவாய் முழுக்கக் கறுப்புத் தேமலாக நிற்கும். முடியை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கறுப்பு தூரத்திலிருந்தே தெரியும்.

அந்தக் கறுப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்குவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் சேர்ந்த ட்யூபாக இருந்தால், அதிலுள்ள மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு வரும், முடியும் வளரும். ஆம், முடிக்குப் பயந்து ஆரம்பித்த கதை, முடி வளர்க்கும் மருந்தில் போய் நிற்கிறது. ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியும், சீட்டு இல்லாமல் வாங்கிய ட்யூபோடு இன்றும் பெண்கள் வருகிறார்கள். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பெயரைப் படித்துப் பாருங்கள். பல மாதம் பூசிக்கொண்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், முகம் எரிந்து சிவந்துவிடும். டாக்டர் சொல்படி குறைத்து நிறுத்துங்கள்.

பிளக்கருக்குப் பதில் என்ன? அங்கொன்று இங்கொன்றாக நாலைந்து முடிதான் என்றால் பிளக்கரே போதும். முகம் கழுவி, முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, தோலை இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே ஒரே இழுப்பு. பருவின் மேலும் மச்சத்தின் மேலும் வேண்டாம். மச்சத்து முடியைக் கத்தரியால் வெட்டினால் போதும். பிடுங்கியதும் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். உள்ளே சுருண்ட முடியை அப்படியே விட்டுவிடுங்கள்.

த்ரெட்டிங்கும் பிடுங்குவதுதான், கருவி வேறு. ஆனால் நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்யும் இடத்தில் உட்காராதீர்கள். புது நூல், கழுத்தில் சுற்றிச் செய்யச் சொல்லுங்கள். முகத்தில் தட்டையான பொடி மரு இருந்தால் த்ரெட்டிங்கே கூடாது. நூல் போன வழியெல்லாம் மரு பரவும்.

நிறைய முடி என்றால் ரேசர்தான் தோலுக்குக் குறைந்த சேதம். அம்மா பதறுவார். 1928இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து பார்த்து, சவரத்தால் முடியின் தடிமனோ வேகமோ மாறவில்லை என்று காட்டினார். வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கஸ்தூரி மஞ்சள் பூசுவதில் தப்பில்லை. ஆனால் ஹார்மோனால் தடித்த முடியை அது நிறுத்தாது.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டியது: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? 35 நாளைத் தாண்டித் தள்ளிப்போகிறதா? இந்த இரண்டு வருடத்தில் எடை கூடியதா, பரு வந்ததா, உச்சந்தலையில் முடி மெலிந்ததா? இதில் சில இருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனில் நீர்க்கட்டி இல்லை என்பதால் மட்டும் அது இல்லை என்று ஆகிவிடாது. டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், 17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன், சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகள் தேவைப்படலாம். விலக்கு சரியாக வந்து, அத்தைக்கும் பாட்டிக்கும் இதேபோல் இருந்தால், குடும்ப வாகாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் அவசரம்: சில மாதங்களுக்குள் முடி மளமளவென்று பெருகி, குரலும் கட்டையானால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

தை மாதத்துக்குள் என்று கேட்டீர்கள். லேசர் நல்ல வழி. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் வகை பாதுகாப்பானது. ஆனால் லேசர் தேடிப் போவது குழிக்குள் இருக்கும் கறுப்பு நிறமியை. பிடுங்கிய குழியில் அது இருக்காது. ஆகவே 4 முதல் 6 வாரம் முன்பே பிளக்கர், த்ரெட்டிங், வாக்ஸிங் மூன்றையும் நிறுத்த வேண்டும், ரேசர் பரவாயில்லை. சில வார இடைவெளியில் ஆறு தடவைக்கு மேல்கூடத் தேவைப்படும். முடி குறையும்; ஆனால் அடியோடு போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் பணம் வீண். சிலருக்குச் சிகிச்சை செய்த இடத்தைச் சுற்றி முடி கூடுவதும் உண்டு.

மாத்திரையில் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் கொடுக்கிறார்கள் என்றால், கல்யாணம் நிச்சயமாகியிருப்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புள்ள நேரத்தில் அதைச் சாப்பிடக் கூடாது, ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

செலவு யோசனையாக இருந்தால் உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது; காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போடுங்கள். கடைசி சில மாத விலக்குத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டை, பூசும் ட்யூப் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பிடுங்காதீர்கள். முடி எங்கே, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வாரம் முகத்தை மூட வேண்டும் என்று தோன்றினால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.