தலைப்பில்லாத மூன்றாவது படம்

அன்புள்ள ஐயா,

நான் மேலூர்க்காரன். சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 61. இப்போது அக்ரிலிக் வண்ணம் வாங்கி அரூப ஓவியங்கள், அதாவது உருவமில்லாத ஓவியங்கள், வரைகிறேன். 'இது என்னது?' என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இந்த வயதில் இதைத் தொடங்கலாமா? மனிதன், மரம், மாடு எல்லாம் வரையப் பழகிவிட்டுத்தான் அரூபத்துக்கு வர வேண்டுமா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டுக்கு 'பிரபஞ்ச லயம்', 'ஆன்மாவின் தேடல்' என்று தலைப்பும் விளக்கமும் எழுதிவிட்டேன். மூன்றாவதற்கு இன்னும் எதுவும் தோன்றவில்லை.

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

வயது ஒரு கேள்வியே அல்ல. அரூப ஓவியத்தின் முன்னோடி காண்டின்ஸ்கி சட்டப் பேராசிரியராகியிருக்க வேண்டியவர்; அதை உதறிவிட்டு 1896இல் ஓவியம் படிக்க மியூனிக் போனபோது அவருக்கு 30. தாகூர் தீவிரமாக வரையத் தொடங்கியது அறுபதுக்கு மேல்தான். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்து உருவமாக்கிக்கொண்டே போனார். 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அரூப ஓவியர் அச்சுதன் கூடலூர் சிவில் எஞ்சினியரிங் படித்துச் சென்னைக்கு வேலைக்கு வந்தவர். போதுமா? வீட்டில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அதற்கு நான் என்ன சொல்ல?

கொஞ்ச நாளாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை உங்கள் படங்கள் கிளறிவிட்டன. அந்தத் தலைப்புகள்.

'பிரபஞ்ச லயம்' படத்தின் இடது கீழ் மூலையை மறுபடி பாருங்கள். மஞ்சளை ஒட்டி ஒரு சாம்பல் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சாம்பல் இருப்பதால்தான் மஞ்சள் எரிகிறது. அதைக் கண்டுபிடித்தவர் நீங்கள், யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு ஏன் நடுவில் தங்க நிறத்தில் ஓம் எழுதினீர்கள்? மஞ்சளும் சாம்பலும் போதாது என்று பயந்துவிட்டீர்கள். அதற்கு மேல் பஞ்சபூதம், சக்கரம், மௌனம் என்று ஒரு பக்க விளக்கம். படத்தை நம்பாதவர்தான் இப்படிப் பேசுவார். கண்காட்சிகளில் இதையேதான் பார்க்கிறேன்: சுவரில் பாதி வேலை, பக்கத்து அட்டையில் முழு வேதாந்தம். பார்க்க வந்தவன் அட்டையைப் படித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறான். அவன் படத்தைப் பார்க்கவே இல்லை.

தெற்கு மதுரையில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சௌராஷ்டிரக் குடும்பம் இருந்தது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார். துணியைத் துளித்துளியாகக் கிள்ளி எடுத்து நூலைச் சுற்றி இறுக்குவார். சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சைப் பிரித்தால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. சாயம் போடுவது அவர் மகன். தொட்டியிலிருந்து சிவப்பை வெளியே எடுத்ததுமே நான் வாய்பிளந்து நிற்பேன். "ஈரத்துல எல்லாக் கலரும் நல்லாத்தான்டா இருக்கும். காயட்டும், அப்பறம் சொல்லு" என்பார். காயும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. காய்ந்தபின் வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை விரித்துப் பார்ப்பார். சில நாள் பேசாமல் துணியை மறுபடி தொட்டிக்கே கொண்டுபோவார். நிறத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் கற்றது அங்கேதான்.

அந்தச் சேலையை வாங்கிய எந்த அம்மாவும் இந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதில்லை. சிவப்பு இறங்கியிருக்கிறதா, புள்ளி நெருக்கமாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். சேலையும் ஓவியமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. சேலை போகாத தூரத்துக்கு ஓவியம் போகும். ஆனால் நிறத்தின் வழியாகத்தான் போகும், விளக்கத்தின் வழியாகப் போகாது.

உங்கள் அக்ரிலிக் வண்ணம் சாயத்துணிக்கு நேர் எதிர். சாயத்துணி ஈரத்தில் அடர்ந்து தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அக்ரிலிக்கில் இருக்கும் வெள்ளைப் பசை ஈரமாக இருக்கும்வரை நிறத்தை வெளுத்துக் காட்டும். காய்ந்து பசை தெளிந்ததும் நிறம் இருண்டுவிடும். இது தெரியாமல் ஈரத்திலேயே மேலே மேலே பூசிக்கொண்டு போனால், மறுநாள் காலையில் வேறு ஏதோ படம் எதிரே நிற்கும். 'ஆன்மாவின் தேடல்' அப்படித்தான் கறுத்துப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அதைத் தேடல் என்று சொல்லி மறைக்காதீர்கள். பூசுங்கள், விட்டுவிடுங்கள், மறுநாள் வந்து பாருங்கள்.

இப்போது மூன்றாவது படம். அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. செம்மண்ணும் கருப்பும் சேரும் இடத்தில் ஒரு ஓரத்தைக் கத்தியாக வெட்டியிருக்கிறீர்கள், எதிர் ஓரத்தைச் சிதைய விட்டிருக்கிறீர்கள். வாழ்நாள் முழுக்க அளவுச் சங்கிலி பிடித்து, எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடம் போட்டு, ஒருவர் நிலம் எங்கே முடிகிறது, அடுத்தவர் நிலம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்த கை அது. ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வரும் இருபது வயதுப் பையனுக்கு அந்த ஓரம் வராது. அதற்குத் தலைப்பு தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்லது. தயவுசெய்து யோசிக்காதீர்கள். பின்பக்கம் தேதியை மட்டும் எழுதிவையுங்கள்.

உருவம் வரையப் பழக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓவியர் ஆதிமூலம் 1969இல் காந்தியைக் கோடுகளில் அத்தனை விதமாக வரைந்தார், பிறகு நிறப்பரப்புகளுக்குப் போனார். அதைக் காட்டி 'முதலில் உருவம், அப்புறம் அரூபம்' என்று சட்டம் போடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆசை இருந்தால் மாட்டை வரையுங்கள்.

அடுத்த முறை படங்களை மட்டும் அனுப்புங்கள், விளக்கம் வேண்டாம். ஃப்ளாஷ் போட்டு எடுக்காதீர்கள், நிறமெல்லாம் வெளிறிப்போகிறது. காலையில் வாசல் நிழலில் வைத்து எடுங்கள்.