அன்பான மக்கள் இருக்குற கனடால பழங்குடி மக்களுக்கு இவ்ளோ அநியாயம் எப்படி நடந்துச்சு?

கேள்வியோட ரெண்டாவது பாதி, "அதுக்கு இப்போ இருக்குறவங்க எப்படிப் பொறுப்பாக முடியும்?"ங்கிறது. அதுக்குக் கடைசில வர்றேன்.

முதல் பாதிக்கு என் பதில், இதுல ஆச்சரியப்பட எதுவுமே இல்லைங்கிறதுதான். முகம் தெரியாத ஆளுக்கு ஓடிவந்து உதவுறதும், பக்கத்துலயே ஒரு சமூகத்தோட நிலத்த எடுத்துக்கிட்டு அதப்பத்தி நினைக்காமலே இருக்குறதும் ஒரே ஊர்ல, ஏன் ஒரே ஆள்கிட்டயே இருக்கலாம். நான் படிச்சது கனடாவோட கிழக்குக் கோடில இருக்குற நியூஃபவுண்ட்லாந்து தீவுல, செயின்ட் ஜான்ஸ்ல, இப்போ இருக்குறது டொராண்டோ ஸ்கார்பரோ பக்கம். கனடாலயே ரொம்ப அன்பானவங்கன்னு பேர் வாங்கினவங்க நியூஃபவுண்ட்லாந்துக்காரங்கதான், அதனால அவங்களையே எடுத்துக்குறேன்.

அந்தப் பேர் சும்மா வந்ததில்ல. கடைல பில் போடுற அம்மா 'மை டக்கி'ன்னு கூப்பிடும், பஸ் ஸ்டாப்ல நின்னா கார நிறுத்தி எங்க போணும்னு கேப்பாங்க. 2001 செப்டம்பர் 11 அன்னைக்கு அமெரிக்கா வான்வெளிய மூடினப்போ காண்டர்ங்கிற சின்ன ஊர்ல 38 விமானம் வந்து இறங்குச்சு, ஊர் ஜனத்தொகையே சுமார் 10,000, வந்தவங்க 6,500க்கு மேல. ஸ்ட்ரைக்ல இருந்த ஸ்கூல் பஸ் டிரைவர்கள் ஸ்ட்ரைக்க விட்டுட்டு வண்டி எடுத்தாங்க, வீடு வீடா சமைச்சுக் குவிச்ச சாப்பாட்ட வைக்க இடமில்லாம ஐஸ் ஹாக்கி மைதானத்தையே ஃப்ரிட்ஜ் ஆக்கிட்டாங்க. அதுக்கும் முன்னாடி, 1986 ஆகஸ்ட்ல, 155 ஈழத்தமிழர்கள் ரெண்டு லைஃப்போட்ல மூடுபனிக்குள்ள மிதந்துட்டு இருந்தப்போ அவங்கள கண்டுபிடிச்சு ஏத்திக்கிட்டது ஒரு நியூஃபவுண்ட்லாந்து மீனவர்தான், கஸ் டால்டன்னு பேரு. டொராண்டோல இன்னைக்கும் பெரியவங்க அந்தப் பேர மறக்கல. அவங்க மேற்கு ஜெர்மனில இருந்து கப்பல் ஏறினவங்க, முதல்ல சொன்னது வேற கதைன்னு தெரிஞ்சப்போ நாட்டுல நிறைய பேர் கொதிச்சாங்க, ஆனா தண்ணில தத்தளிக்கிறவன்கிட்ட எங்கருந்து வந்தேன்னு விசாரிச்சிட்டா கை குடுப்பாங்க?

இப்போ அதே தீவோட இன்னொரு கதை. அங்க பியோதுக்னு ஒரு மக்கள் இருந்தாங்க. கோடைல கடற்கரைக்கு வந்து சால்மனும் சீலும் பிடிச்சுட்டு குளிர்காலத்துக்கு உள்நாட்டுக்குப் போயிடுவாங்க. ஐரோப்பால இருந்து வந்த மீனவர்கள், அதாவது இந்த அன்பான ஜனங்களோட முன்னோர்கள், ஒவ்வொரு வளைகுடாவா எடுத்துக்கிட்டாங்க. சுட்டுக் கொன்னதும் உண்டு, ஆனா அத விடப் பெருசா கொன்னது கடலுக்குப் போற வழி அடைபட்டதும் அதனால வந்த பட்டினியும் காசநோயும்தான். இதுல என்னைய ரொம்ப உலுக்கினது என்னன்னா, அப்போ அரசாங்கம் அவங்களோட நட்பாகணும்னுதான் நினைச்சுது, அதுக்கு அவங்க யோசிச்ச வழி, யாரையாச்சும் ஒருத்தர உயிரோட பிடிச்சுட்டு வந்து, நல்லா கவனிச்சு, பரிசெல்லாம் குடுத்துத் திருப்பி அனுப்புறது! 1819 மார்ச்ல திருட்டுப்போன சாமான மீட்கவும், முடிஞ்சா ஆளப் பிடிக்கவும்னு ஒரு கூட்டம் கிளம்பிப் போச்சு, தெமாஸ்துயிட்ங்கிற பொண்ண பிடிச்சாங்க, தடுக்க வந்த புருஷன் நோனோசபாசுட் அங்கேயே கொல்லப்பட்டாரு, கைக்குழந்தை சில நாள்ல செத்துப்போச்சு, அந்தப் பொண்ண ஊர்ல எல்லாரும் பிரியமாத்தான் வச்சிருந்தாங்களாம், 1820 ஜனவரில திருப்பிக் கொண்டுபோற வழில காசநோய்ல இறந்துட்டாங்க. அப்புறம் அந்தப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் மண்டை ஓட்டையும் எடுத்து ஸ்காட்லாந்து மியூசியத்துல வச்சிருந்தாங்க, அந்தத் தீவுல இருக்குற இன்னொரு பழங்குடியான மிக்மாக் மக்களோட தலைவர் மிசெல் ஜோ வருஷக்கணக்கா போராடி 2020லதான் திரும்ப வந்துச்சு. கடைசி பியோதுக்னு புத்தகங்கள்ல சொல்ற ஷானாடித்தித் 1829ல செயின்ட் ஜான்ஸ்ல இறந்தாங்க. கடைசிங்கிறத மிக்மாக் மக்கள் ஒத்துக்கிறதில்ல, எங்க குடும்பங்கள்ல அவங்க ரத்தம் இருக்குன்னு சொல்றாங்க.

பழைய கதைன்னு தள்ளிடலாம்னா, அடுத்தது அதே மாகாணத்துல, தீவுக்கு எதிர்ல நிலப்பகுதியா இருக்குற லாப்ரடார். 1892ல வில்ஃப்ரெட் க்ரென்ஃபெல்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் வந்தாரு, ஏழை மீனவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டினாரு, பனில நாய் வண்டில போய் வைத்தியம் பார்த்தாரு, நல்ல மனுஷன்னு ஊரே கொண்டாடுச்சு, பொய்யும் இல்ல. அவர் ஆரம்பிச்ச மிஷனும் அதுக்கு முன்னாடியே அங்க இருந்த மொராவியன் பாதிரிமார்களும் நடத்தின ஹாஸ்டல் ஸ்கூல்லதான் பழங்குடிப் பிள்ளைங்க அப்பா அம்மாவ விட்டுப் பிரிஞ்சு, சொந்த மொழி பேச விடாம வளர்ந்தாங்க, அடியும் பாலியல் கொடுமையும் பட்டவங்க உண்டு. அந்த இல்லங்களுக்கு நன்கொடை அனுப்பினவங்க எல்லாரும் ஏதோ புண்ணியம் பண்றோம்னு நம்பித்தான் அனுப்பியிருப்பாங்க.

2008ல பிரதமர் ஹார்ப்பர் நாடு முழுக்க இருந்த இந்த மாதிரி ஸ்கூல்களுக்கு மன்னிப்பு கேட்டப்போ நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார்ல படிச்சவங்கள மட்டும் விட்டுட்டாங்க, அந்த மாகாணம் கனடாவோட சேர்ந்ததே 1949ல, ஸ்கூல் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது, அதனால எங்க பொறுப்பில்லன்னு வாதம். கேஸ் போட்டு 2016ல 50 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஆச்சு, 2017 நவம்பர்ல அப்போ பிரதமரா இருந்த ட்ரூடோ லாப்ரடார்ல இருக்குற கூஸ் பேக்கு போய் அழுதுகிட்டே மன்னிப்பு கேட்டாரு. லாப்ரடார்ல இருக்குற 'இன்னு'ங்கிற பழங்குடி மக்களோட தலைவர்கள் அத ஏத்துக்கல. எங்க பிள்ளைங்க மத்த பள்ளிக்கூடங்கள்லயும் இல்லங்கள்லயும் பட்டது இதுல வரலையேன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது ரொம்ப சரியாப்பட்டுச்சு.

காண்டர்ல இறங்கினவங்க சில நாள்ல நன்றி சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வித்தியாசம் தெரியுது. விருந்தாளி போயிடுவான், அவனுக்குப் போட்ட சாப்பாட்டால நம்ம வீடும் நிலமும் நம்மகிட்டேயேதான் இருக்கும், நமக்கும் மனசு நிறைஞ்சிடும். பழங்குடி மக்கள் எங்கயும் போகப்போறதில்ல, அவங்க நன்றி சொல்லவும் வரல, அவங்களோடத கேக்க வர்றாங்க. அப்போ சிரிச்ச முகம் கொஞ்சம் மாறுது. இது கனடாக்காரனோட குணம்னு நான் சொல்லல, எந்த ஊர்லயும் தானம் குடுக்குறவன்கிட்ட போய் பங்கு கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, இந்த அநியாயம் நடக்க யாரும் கெட்டவனா இருக்க வேண்டியதே இல்ல. மானிடோபால கார் நம்பர் பிளேட்லயே 'ஃப்ரெண்ட்லி மானிடோபா'ன்னு போட்டிருக்கும். அதோட தலைநகர் வின்னிபெக் 1919ல இருந்து குடிக்கிறது ஷோல் லேக் தண்ணி. அந்த ஏரிக்கரைல இருக்குற 'ஷோல் லேக் 40'ங்கிற பழங்குடி சமூகத்தோட ஊரு, அந்தத் திட்டத்துக்காக வெட்டின கால்வாயால தனித்தீவு ஆகிப்போச்சு. நகரம் அந்தத் தண்ணிய குடிச்சிட்டே இருக்க, இவங்க 1997ல இருந்து தண்ணிய கொதிக்கவச்சோ பாட்டில் வாங்கியோதான் குடிச்சாங்க, ரோடு வந்தது 2019, சுத்திகரிப்பு நிலையம் 2021. வின்னிபெக்ல காலைல காபிக்குக் குழாயத் திறக்குற யாரும் எந்தப் பாவமும் பண்ணல, ஆனா தண்ணி வர்றது அந்தக் குழாய்லதான்.

சரி, நாம பொறுப்பா? நம்ம ஆளுங்க இதுக்கு வழக்கமா சொல்றது, "நாமளே அடிபட்டு ஓடி வந்தவங்க, வெள்ளக்காரன் பண்ணினதுக்கு நாம என்ன பண்றது?" வருத்தத்துல சொல்றதுதான், புரியுது. ஆனா ஸ்கார்பரோல நாம வீடு வாங்கியிருக்குற நிலம் அரசாங்கம் பழங்குடி மக்களோட போட்ட 1923 வில்லியம்ஸ் ஒப்பந்தத்துல வருது, அந்த ஒப்பந்தத்தால வேட்டை, மீன்பிடி உரிமையெல்லாம் பறிகொடுத்த ஏழு சமூகங்களுக்கு 2018ல 1.11 பில்லியன் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டது மத்திய அரசும் ஒன்டாரியோவும், அதாவது நம்ம வரிப்பணமும் சேர்த்துத்தான். அதுவும் போக, 2021ல இருந்து குடியுரிமை உறுதிமொழியிலயே பழங்குடி மக்களோட உரிமையும் ஒப்பந்த உரிமையும் வந்துடுச்சு, அந்த ஹாஸ்டல் ஸ்கூல்களப் பத்தி விசாரிச்ச உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் குடுத்த 94 பரிந்துரைல கடைசி பரிந்துரை அது. நான் ஜூம்ல கைய தூக்கி அத சொல்லித்தான் சிட்டிசன் ஆனேன், சொல்லிட்டு எனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது. நம்ம விழாக்கள்ல மேடைல இது எந்தப் பழங்குடி மக்களோட நிலம்னு சொல்ற நில ஒப்புதல் வாசிக்கிறப்போ பாதி பேர் ரோல்ஸ் எடுக்கப் போயிருப்பாங்க, அது வேற விஷயம்.

நடந்ததுக்காக தினமும் குற்ற உணர்ச்சில உருகணும்னு நான் சொல்லல, அதனால யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. இன்னைக்கு நடக்குறது போதும் பேசுறதுக்கு. 2021 கணக்கெடுப்புல 14 வயசும் அதுக்குக் கீழயும் இருக்குற பிள்ளைகள்ல பழங்குடிப் பிள்ளைங்க 7.7 சதவீதம், ஆனா அந்த வயசுல வளர்ப்பு வீடுகள்ல இருக்குற பிள்ளைகள்ல 53.8 சதவீதம் அவங்கதான். ரிசர்வ்ல, அதாவது பழங்குடி மக்களுக்குன்னு ஒதுக்கின நிலத்துல, இருக்குற பிள்ளைகளோட நலனுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்குன விதமே பாகுபாடுன்னு 2016ல மனித உரிமைத் தீர்ப்பாயமே சொல்லிடுச்சு. பக்கத்து வீட்டுக்குப் பனி அள்ளிக் குடுக்குறதால இது மாறாது. பனியும் அள்ளுங்க, ஆனா இதுக்குப் பட்ஜெட்டும் சட்டமும்தான் மாறணும், அதுக்கு நம்மகிட்ட இருக்குறது ஓட்டு. ஸ்கார்பரோல நம்ம ஓட்டுக்கு இருக்குற மதிப்பு உங்களுக்கே தெரியும். போன எலெக்ஷன்ல வீட்டுக்கு ஓட்டு கேட்டு வந்தவர்கிட்ட, வரி, வாடகையெல்லாம் பேசி முடிச்சப்புறம் இந்தப் பிள்ளைங்க விஷயத்தக் கேட்டேன், ரொம்ப நல்ல கேள்வி அண்ணான்னு அன்பா கைகுடுத்து, நோட்டீஸ் ஒண்ண நீட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு.