புரொப்பல்லர் சின்னமும் டெல்லி வண்டியும்

கேள்வி: எனக்குத் திருப்பூர். 2014 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி டீசல் கார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. டெல்லிப் பதிவு. சாதாரணப் புதுக் கார் ஒன்றின் விலையைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள். "விமான இன்ஜின் செய்த கம்பெனி சார், சின்னமே விமான புரொப்பல்லர்தான், இன்ஜின் காலத்துக்கும் உழைக்கும்" என்கிறார் புரோக்கர். நம்பி வாங்கலாமா?

பதில்: புரோக்கர் சொன்னதில் பாதி வரலாறு, பாதி விளம்பரம்.

விமான இன்ஜின் என்பது உண்மைதான். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியின் முனிச் நகரில் இயங்கிய ராப் என்ற இன்ஜின் ஆலை 1917இல் 'பவேரிய மோட்டார் ஆலை' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் பெயரின் ஜெர்மன் முதலெழுத்துகள்தாம் பி.எம்.டபிள்யூ. ஆனால் சின்னம் புரொப்பல்லர் அல்ல. நீலமும் வெள்ளையும் முனிச் இருக்கும் பவேரிய மாநிலத்தின் நிறங்கள். மாநிலச் சின்னங்களை வணிக முத்திரையில் அப்படியே வைக்கச் சட்டம் இடம் தராததால் நிறங்களின் வரிசையை மாற்றினார்கள். 1929இல் வந்த ஒரு விளம்பரம் அந்தச் சின்னத்தை விமானத்தின் சுழலும் புரொப்பல்லரில் பொருத்திக் காட்டியது. அன்று பறக்கத் தொடங்கிய கதை இன்னும் தரையிறங்கவில்லை.

போரில் ஜெர்மனி தோற்றதும் விமான இன்ஜின் செய்யத் தடை வந்தது. ரயில் பிரேக் செய்து காலம் தள்ளியவர்கள் 1923இல் ஆர்32 மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். ஹிட்லர் ஆட்சியில் மறுபடியும் விமான இன்ஜின். முனிச்சை ஒட்டிய அல்லாக் ஆலையில் டாஹாவ் வதைமுகாமின் கைதிகளை அடித்து வேலை வாங்கினார்கள். விமான இன்ஜின் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

எப்படியானாலும் அந்த இன்ஜின்களுக்கும் நீங்கள் பார்த்த டீசலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ஆண்டு 320டியில் இருப்பது என்47 என்ற குடும்பத்து இன்ஜின். அதன் டைமிங் செயின் (இன்ஜினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் சங்கிலி) இன்ஜினுக்குப் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அது தேய்ந்துபோவது இந்தக் குடும்பத்தின் பேர்போன குறை. மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். செயினுக்கு ஆகும் செலவைவிட அதை எட்டிப் பிடிக்க ஆகும் செலவுதான் பெரிது. ஆகவே இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் நீங்களே முதல்முறை ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் போய்ச் சேருமுன் பானெட் சூடாக இருந்தால், மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். இன்ஜினின் பின்பக்கமிருந்து சங்கிலி உரசுவது போலச் சத்தம் கேட்டால் மறுநாளும் வர வேண்டாம்.

அடுத்து டிக்கியைத் திறந்து தரைப்பலகையைத் தூக்குங்கள். இந்தக் காரில் பேட்டரி அங்கேதான். சேற்றுத் தடமோ துருவோ தெரிந்தால் அது எங்கோ வெள்ளத்தில் நின்ற வண்டி. பேட்டரி புதிதாக இருந்தால், மாற்றியபின் காரின் கணினியில் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்குரிய கணக்கிலேயே சார்ஜ் ஏறும். அங்கே ஸ்டெப்னியைத் தேடி ஏமாறாதீர்கள். பெரும்பாலும் இருக்காது. காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்பிளாட் டயரை நம்பி அப்படி விட்டிருக்கிறார்கள். அந்த டயர் நான்கின் விலையைக் கடையில் கேட்டுவிட்டுப் பேரத்தில் உட்காருங்கள்.

விலை ஏன் குறைவு என்பதற்கும் காரணம் உண்டு. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் பல ஆண்டுகளாகக் கெடுபிடி இருந்துவந்தது. அதனால் அங்கே விலை சரிந்த கார்கள் தெற்கே வருகின்றன. அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான கடிதம், இங்கே மறுபதிவு, ஆயுள் வரி ஆகிய அனைத்தையும் கூட்டினால்தான் உண்மை விலை தெரியும். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக விற்பவருக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' தள்ளுபடி உங்களுக்கு வராது. அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல.

என் கையில் இருக்கும் பணமாக இருந்தால் இந்த வண்டியை வாங்க மாட்டேன்.

கேள்வி: புதிய பி.எம்.டபிள்யூ வாங்கவிருக்கிறேன். சென்னையில் பாகங்களைப் பூட்டி உருவாக்கிய கார் 'ஒரிஜினல் ஜெர்மன்' ஆகாது என்கிறார் மைத்துனர். முழு இறக்குமதிக் காருக்குக் காத்திருக்கட்டுமா? (கோவை வாசகர்)

பதில்: சிங்கப்பெருமாள் கோவில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் ஆலை ஓடுகிறது. முழுதாக இறக்கினால் இறக்குமதி வரி மிக அதிகம். பாகங்களாக இறக்கி இங்கே பூட்டினால் குறைவு. விலை வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான், தரம் அல்ல.

மைத்துனரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பி.எம்.டபிள்யூவின் முதல் காரே 'ஒரிஜினல் ஜெர்மன்' அல்ல. 1928இல் ஐசனாக் நகரத்து ஆலையை விலைக்கு வாங்கித்தான் அவர்கள் கார் தொழிலுக்குள் வந்தார்கள். அந்த ஆலை டிக்ஸி என்ற பெயரில் செய்துகொண்டிருந்தது, உரிமம் பெற்ற ஆங்கிலேய ஆஸ்டின் செவன் காரை! நம் ஒசூரில் டி.வி.எஸ். ஆலையில் உருவான ஜி310 வகை பி.எம்.டபிள்யூ பைக்குகளை ஜெர்மானியர்களே வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

கேள்வி: சில நிறுவனங்களில் பத்துப் பங்கு, இருபது பங்கு வைத்திருக்கிறேன். ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பு வந்தால் அழித்துவிடுவேன். சிறு பங்குதாரர்களே பி.எம்.டபிள்யூவைக் காப்பாற்றினார்கள் என்று ஒருவர் சொன்னார். நடந்ததா? (மதுரை வாசகி)

பதில்: நடந்தது. 1950களில் அந்த நிறுவனத்தின் கணக்கு விசித்திரமானது. ஒரு பக்கம் 507 என்ற பேரழகான ஸ்போர்ட்ஸ் கார். விலை எக்கச்சக்கம், செய்ததே 250 சொச்சம். மறுபக்கம் ஈசெட்டா, இத்தாலியரிடம் உரிமம் வாங்கிய முட்டை வண்டி. முகப்பு முழுவதுமே ஒற்றைக் கதவு. அதைத் திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே வெளியே வரும். மோட்டார் சைக்கிள் இன்ஜின்தான். அது 1,60,000க்கும் மேல் விற்றது. இருந்தும் நஷ்டம் தீரவில்லை. பணக்காரருக்கும் ஏழைக்கும் வண்டி இருந்தது, நடுவில் இருப்பவருக்கு இல்லை.

1959 டிசம்பர் 9 அன்று முனிச்சில் பொதுக்கூட்டம். மெர்சிடிஸ் கார் செய்யும் போட்டி நிறுவனமான டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நிர்வாகமும் வங்கியும் முடிவோடு வந்திருந்தன. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எழுந்தார்கள். புதிய 700 மாடலை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டுக் கணக்கில் ஏற்றி நஷ்டத்தைப் பெரிதாக்கியிருந்ததை அவர்கள் தரப்பு பிடித்துக்கொண்டது. கணக்கில் பிழை இருந்தால் பத்து சதவீத வாக்கிலேயே கூட்டத்தை ஒத்திவைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஒத்திவைத்தார்கள், பென்ஸின் திட்டம் விழுந்தது.

பிறகு பணம் போட்டுத் தூக்கி நிறுத்தியவர் ஹெர்பர்ட் குவாண்ட் என்ற பெரும் பங்குதாரர் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றும் ஏறக்குறைய பாதிப் பங்கு அவர் வாரிசுகளிடம் இருக்கிறது. 1961இல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டிய 1500 மாடல் அந்த நடுவிலிருந்த ஓட்டையை அடைத்தது.

அழைப்பை அழிக்காதீர்கள். கூட்டத்துக்குப் போக வேண்டியதுகூட இல்லை. அதிலேயே மின்னணு வாக்களிப்புக்கான வழி இருக்கும். ஆண்டறிக்கையில் முதலில் தணிக்கையாளர் குறிப்பைப் படியுங்கள், தலைவர் உரையைக் கடைசியில் படிக்கலாம்.