கணினி கேள்வி பதில்: முன்னால் இருந்த பூச்சியம் எங்கே போனது?

கேள்வி: வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் விபரங்களை எக்செலில் பதியச் சொன்னார்கள். 077 என்று தொடங்கும் போன் நம்பரை அடித்தால் முன்னால் உள்ள பூச்சியம் மறைந்துவிடுகிறது. அடையாள அட்டை இலக்கமோ சிலருக்குச் சரியாக வருகிறது, சிலருக்கு நடுவில் ஈ என்ற ஆங்கில எழுத்தோடு விசித்திரமாக வருகிறது. ஏன்?
சாதாரண தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, கலத்துக்குள் வெறும் இலக்கங்களை அடித்தால் எக்செல் உங்களைக் கேட்காமலே அதை எண் என்று முடிவு கட்டிவிடும். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லைதானே, தூக்கிவிடுகிறது. அடையாள அட்டையிலும் இதே கதைதான். பழைய அட்டையில் 9 இலக்கங்களுக்குப் பிறகு ஓர் எழுத்து இருக்கிறது, அந்த ஓர் எழுத்துக்காக முழுவதையும் எக்செல் சொல்லாக எடுத்துக்கொள்கிறது. புதியதில் எழுத்தே இல்லை, 12 இலக்கங்கள் மட்டும்தான். அது எண், அதுவும் 11 இலக்கத்தைத் தாண்டிய எண் என்பதால் சுருக்கிக் காட்டுகிறது. உள்ளே இலக்கம் அப்படியே பத்திரமாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் 16 இலக்க வங்கி அட்டை நம்பரை இப்படி அடித்தால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும், ஏனென்றால் எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்திருக்கும். போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது.

அடிப்பதற்கு முன்பே அந்த நிரல் முழுவதையும் தெரிவுசெய்து அதன் வகையை டெக்ஸ்ட், அதாவது சொல், என்று மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு கலங்கள்தான் என்றால் முதலில் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிட்டு அடித்தாலும் சரி. எது எண், எது சொல் என்று குழம்பினால், இதைக் கூட்டுவேனா, பெருக்குவேனா என்று ஒருமுறை யோசியுங்கள். போன் நம்பரை யாரும் கூட்டுவதில்லை, ஆகவே அது சொல். நீங்கள் எதையும் மாற்றாத வரை எண் கலத்தின் வலப்பக்கமும் சொல் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும், பார்த்தவுடனே பிடித்துவிடலாம். பாடப்புத்தகத்தில் தரவு வகை என்று ஒரு வரியில் கடந்து போவது இதைத்தான், எனக்கு அது போதாது என்றே படுகிறது.

கேள்வி: புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். ஈ1 கலத்தில் வற் வரி 18 சதவீதத்தைப் போட்டு, முதல் பொருளுக்கு பி2 பெருக்கல் ஈ1 என்று சூத்திரம் எழுதினேன், சரியாக வந்தது. கீழே இழுத்தால் மற்றதெல்லாம் பூச்சியம்.
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அக்கா, உங்கள் சூத்திரத்தை எக்செல் "எனக்கு இத்தனை கட்டம் தள்ளி இருக்கும் கலம்" என்றுதான் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு நிரை கீழே இழுத்ததும் பி2 பி3 ஆனது, அது உங்களுக்கு வேண்டியதுதான், ஆனால் கூடவே ஈ1ம் ஈ2 ஆகிவிட்டது, அங்கே ஒன்றும் இல்லை. ஈ1ஐ $ஈ$1 என்று எழுதுங்கள், டொலர் அடையாளம் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். சூத்திரத்தில் ஈ1 மேல் கேர்சரை வைத்து எஃப்4 விசையை அழுத்தினால் இரண்டு டொலரும் தானாகவே விழும். 18ஐ சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாளைக்கு வரி மாறினால் ஒரு கலத்தை மாற்றுவதோடு வேலை முடிய வேண்டும்.

கேள்வி: எக்செலில் 10,48,576 நிரைகள் என்கிறார்கள். ஏன் சரியாகப் பத்து இலட்சம் இல்லை?
மாணவன், தெமட்டகொடை

பதில்: கணினி 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட துவித எண்ணில் எண்ணுவதால்தான் தம்பி. இரண்டை இருபது தடவை பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். 2007க்கு முந்திய எக்செலில் பதினாறு தடவைதான், 65,536 நிரைகள். 2020இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை கொரோனாப் பரிசோதனை முடிவுகளை அந்தப் பழைய வகைக் கோப்பில் சேர்த்தபோது அதற்கு மேல் இடமில்லாமல் கிட்டத்தட்ட 16,000 தொற்றாளர்களின் விபரம் விடுபட்டு, அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. உங்கள் கோப்பின் பெயர் எக்ஸ்எல்எஸ் என்று முடிந்தால் அதை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.