வீடியோ எடிட்டிங்குக்கும் டிசைன் வேலைக்கும் லேப்டாப் வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியில் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் கேமரா எந்த வகைக் கோப்பைத் தருகிறது என்பதைத்தான். ஐ7 போதுமா, ஐ9 வேண்டுமா, எந்த கிராபிக்ஸ் கார்டு என்று கேட்டிருக்கிறீர்கள். யூடியூபுக்கு வீடியோ வெட்டுவேன், நடுவில் போஸ்டர், லோகோ வேலையும் வரும் என்கிறீர்கள். அநேகமாக இப்போது கையில் இருப்பது பழைய லேப்டாப்பாக இருக்கும், டைம்லைனை நகர்த்தினால் திக்கித் திக்கி ஓடும். "கேமிங் லேப்டாப் வாங்கிடு, எல்லாம் பறக்கும்" என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். அந்த யாரோ ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார். எங்கள் ஆபீஸிலும் இருந்தார். அவரால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது சின்ன ஸ்டுடியோவில். பேட்டிகள், நிறுவன அறிமுகப் படங்கள், கூடவே அச்சு வேலைகள். எடிட்டிங் அறைக்குப் புது லேப்டாப் வாங்க முதலாளி முடிவெடுத்தபோது, அந்த அறையில் மூத்த எடிட்டரான என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலாளியின் உறவினர் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் அத்துப்படியாம். அவர் கைகாட்டியதுதான் வந்து இறங்கியது: இன்டெல் ஐ9, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் பெரிய கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டுக்கு அடியில் கலர் கலராக விளக்கு. நான் வாயெடுத்ததுமே, "நீங்க கட் பண்றதை மட்டும் பாருங்கம்மா, ஹார்டுவேரை நாங்க பாத்துக்கறோம்" என்றார். இதே குரலைக் கேட்டுப் பழகிய பெண்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள்.

லேப்டாப் எங்கள் ஜூனியர் தம்பியின் மேஜைக்குப் போனது. புதுக் கேமராவில் எடுத்த முதல் பேட்டியைத் திறந்தான். 4கே, 10 பிட், 4:2:2 (இரண்டும் நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதியும் முறைகள்), ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை). ஒரு கோப்பு, எஃபெக்ட் எதுவும் இல்லை, ப்ளே அழுத்தினால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். தம்பி அந்த உறவினருக்குப் போன் போட்டான். ரேம் பத்தாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. "அக்கா, இன்னொரு 32 ஜிபி போடணுமாம். நம்ம முதலாளிகிட்ட யாரு சொல்றது?"

என் சொந்த லேப்டாப் ஒல்லியானது. 12ஆம் தலைமுறை இன்டெல், தனி கிராபிக்ஸ் கார்டே கிடையாது. அதே கோப்பை அதில் போட்டுக் காட்டினேன். ஓடியது. பறக்கவில்லை, ஆனால் திக்காமல் ஓடியது, கட் பண்ண முடிந்தது.

பிறகு தம்பியின் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சிபியு, அதாவது ப்ராசஸர், 100 சதவீதம். கார்டின் 'வீடியோ டிகோட்' (சுருக்கிய வீடியோவை அவிழ்க்கும் வேலை) கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பட்டியலில் ஒரே ஒரு ஜிபியுதான் (கிராபிக்ஸ் சிப்) இருந்தது, அது என்விடியா. இன்டெல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் காணாமல் போயிருந்தது. காரணம், கேமிங் லேப்டாப்களில் 'தனிக் கார்டு மட்டும்' என்று ஒரு முறை உண்டு. விளையாட்டில் ஃப்ரேம் கூடுதலாக வரும் என்பதற்காக அதைப் போடுவார்கள், பல மாடல்களில் உள்ளே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் அப்போது மொத்தமாக அணைந்துவிடும். 'ஃபுல் பவர்' என்று சொல்லி அப்படி வைத்துக் கொடுத்தவரே அந்த உறவினர்தான். இரண்டு கிராபிக்ஸும் இயங்கும் ஹைப்ரிட் முறைக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, எடிட்டிங் மென்பொருளான ப்ரீமியரின் மீடியா அமைப்பில் ஹார்டுவேர் டிகோடிங்குக்கு இன்டெல்லை டிக் செய்தேன். அவ்வளவுதான். கூடுதல் ரேமுக்கான பணம் மிச்சம். நன்றி என்று யாரும் சொல்லவில்லை, அது வேறு கதை.

இது ஏன் நடந்தது என்று புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஹெச்.264, ஹெச்.265 கோப்புகளில் பொதுவாக எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருக்காது. ஒரு முழுப் படம், அதன்பின் 'முந்தையதிலிருந்து எது மாறியது' என்ற குறிப்புகள். நடுவில் ஒரு ஃப்ரேமைக் காட்ட வேண்டுமானால் அது சார்ந்திருக்கும் மற்ற ஃப்ரேம்களையும் அவிழ்த்தாக வேண்டும். டைம்லைனை முன்னும் பின்னும் இழுப்பது எடிட்டர் வேலை, அந்த இழுப்பில்தான் கணினி திணறுகிறது. இதை அவிழ்ப்பதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருக்கிறது. அந்தப் பகுதிக்கு உங்கள் கோப்பின் வகை தெரிந்திருந்தால் வேலை சுலபம், தெரியாவிட்டால் சிபியு தலையில் விழும்.

ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் என்விடியாவின் அந்தப் பகுதிக்கு 4:2:2 நிறப் பதிவு தெரியாது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் 11ஆம் தலைமுறை காலத்திலேயே ஹெச்.265 4:2:2 10 பிட்டுக்கு வழி இருந்தது. ஆப்பிளில் 2020இல் வந்த எம்1 முதல் இருக்கிறது. அதனால்தான் கனமான கேமிங் லேப்டாப் திணறும் கோப்பு, விசிறியே இல்லாத மேக்புக் ஏரில் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறோம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் கேமராவில் எடுத்த ஒரு கோப்பை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 8 பிட் 4:2:0 என்று இருந்தால் (நிற விவரம் குறைவான வகை, பெரும்பாலான போன் வீடியோக்கள் 4:2:0தான்) சமீபத்திய எந்த லேப்டாப்பும் அவிழ்த்துவிடும், என் புராணத்தை மறந்துவிட்டு விலைக்கு ஏற்றதை வாங்குங்கள். ஹெச்.265 4:2:2 10 பிட் என்று வந்தால் இன்டெல், ஆப்பிள், அல்லது ஆர்டிஎக்ஸ் 50 வரிசை.

"அப்படியானால் கார்டே வேண்டாம் என்கிறாயா?" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். அப்படி நான் சொல்லவில்லை. டாவின்சி ரிசால்வில் கலர் கிரேடிங், நாய்ஸ் ரிடக்‌ஷன், பிளெண்டரில் 3டி என்று போனால் நல்ல கார்டு கட்டாயம் வேண்டும். ஆனால் அங்கேயும் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதிலும் வரலாம். ஒல்லி உடம்புக்குள் குறைந்த வாட்டில் அடைத்த 4060உம், தடித்த உடம்பில் முழு வாட் கிடைக்கும் 4060உம் பெயரில் மட்டும்தான் ஒன்று. ஸ்பெக் தாளில் 'டிஜிபி' (கார்டுக்குக் கிடைக்கும் வாட்) என்ற எண்ணைத் தேடுங்கள். எழுதியிருக்காவிட்டால் கேளுங்கள், கேட்டும் சொல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். கார்டின் சொந்த நினைவகமும் முக்கியம்: 4050இல் 6 ஜிபி, 4060, 4070 இரண்டிலும் 8 ஜிபி. லேப்டாப்பில் 4060இலிருந்து 4070க்குத் தாவ நினைப்பவர்கள் இந்த ஒரு எண்ணை இரண்டு முறை பார்க்கவும்.

இனி டிசைன் பக்கம். இங்கே பணம் போட வேண்டியது திரையில். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு மலிவான லேப்டாப்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அது எஸ்ஆர்ஜிபி (இணையத்தில் வழக்கமான நிற அளவுகோல்) நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாத திரை. அதில் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட சிவப்பு, அடுத்தவர் போனில் வேறு சிவப்பாகத் தெரியும். குறைந்தது 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி வேண்டும், '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறங்களைக் காட்டும் பி3 திரை கிடைத்தால் நல்லது, ஆனால் விண்டோஸில் நிற நிர்வாகம் இல்லாத மென்பொருள்களில் எல்லாமே அளவுக்கு மீறிப் பளிச்சென்று தெரியும். எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி அந்த மாடலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பளிச்சை நம்பி நிறத்தைக் குறைத்து, மங்கலான போஸ்டர்களை அனுப்பிவிட்டு வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்க வேண்டிவரும்.

போஸ்டர் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, மன்னிக்கவும். எவ்வளவு விலை கொடுத்து லேப்டாப் வாங்கினாலும், தமிழில் தலைப்பு போடும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். ப்ரீமியரில் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளிலும் அதே மாதிரி ஓர் அமைப்பு இருந்தது. இது தெரியாமல், யுனிகோட் ஃபான்ட் உடைகிறது என்று சொல்லிவிட்டு இன்னமும் யுனிகோடுக்கு முந்தைய பாமினி ஃபான்டில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த வாசகத்தைக் காப்பி செய்து மெயிலில் அனுப்புவார்கள், இங்கே வந்து சேர்வது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதை மாற்றி, பிழை திருத்தி, வரிசைப்படுத்தித் தருவது என் வேலையாம், அதற்குத் தனிக் கூலி கேட்டால் முகம் சுளிப்பார்களாம். லோகோவை வாட்ஸப்பில் சுருங்கிய படமாக அனுப்புபவர்களைப் பற்றி ஆரம்பித்தால் இன்னொரு பதில் வேண்டும். விடுங்கள்.

ரேம்: 16 ஜிபி ஆரம்பம், ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் ஃபோட்டோஷாப்பும் சேர்த்துத் திறப்பவருக்கு 32. பலகையோடு சால்டர் செய்திருக்கிறதா, பிறகு கூட்டலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிளில் பிறகு கூட்டவே முடியாது. 2024 கடைசியில் மேக்புக் ஏரின் குறைந்தபட்ச ரேமையே அவர்கள் 16 ஜிபி ஆக்கிவிட்டார்கள், பழைய சரக்கில் 8 ஜிபி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

சேமிப்பு விஷயத்தில் கணக்கு போட்டுப் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா வைத்து எடுத்த பேட்டி ஒன்றே 512 ஜிபி டிஸ்க்கில் பெரிய துண்டைப் பிடித்துக்கொள்ளும். எனவே இரண்டாவது எஸ்எஸ்டி போட இடம் இருக்கும் மாடல், அல்லது வெளி எஸ்எஸ்டிக்குத் தண்டர்போல்ட் என்ற வேகமான போர்ட், அது இல்லையென்றால் 10 ஜிகாபிட் யுஎஸ்பி போர்ட். டைப்-சி என்ற வடிவத்தைப் பார்த்து நம்ப வேண்டாம், அதே ஓட்டைக்குள் 5 ஜிகாபிட்டும் இருக்கும், 40 ஜிகாபிட்டும் இருக்கும்.

'டெஸ்க்டாப் வாங்கு, அதே பணத்தில் இரண்டு மடங்கு வேகம்' என்று எழுதப்போகிறவர்களுக்கு: சரிதான், ஒப்புக்கொள்கிறேன். கேள்வி கேட்டவர் லேப்டாப் என்று கேட்டிருக்கிறார், படப்பிடிப்பு இடத்துக்கு யாரும் டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ப்ராக்ஸி (வெட்டுவதற்காக உருவாக்கும் லேசான நகல் கோப்பு) வைத்து வெட்டினால் பழைய லேப்டாப்பே போதும் என்பவர்களும் சரிதான். நானும் பெரிய வேலைகளில் ப்ராக்ஸிதான் போடுகிறேன். ஆனால் இன்று எடுத்து இன்றே கொடுக்க வேண்டிய வேலையில், ப்ராக்ஸி உருவாகும் வரை காத்திருக்க நேரம் கிடைக்காது. நான் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

வாங்குவதற்கு முன்போ, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்ளோ, உங்கள் சொந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போய் லேப்டாப்பின் டிஸ்க்குக்குக் காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒரு முறை ஓட்டுங்கள். பல விண்டோஸ் லேப்டாப்கள் பேட்டரியில் கார்டின் மூச்சைப் பாதியாக்கிவிடும். நீளமான எக்ஸ்போர்ட் ஒன்றைப் போட்டு, கடைசிப் பகுதியிலும் முதலில் இருந்த வேகம் நிற்கிறதா என்று கவனியுங்கள், சூடேறி வேகம் விழுவது அங்கேதான் தெரியும். அப்படியே விசிறிச் சத்தத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதே மேஜையில் மைக் வைத்து வாய்ஸ்ஓவர் பேசப்போவதும் நீங்கள்தானே.