மருந்தை மாற்றும் முன் புல்லைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கம் ஆறு ஏக்கரில் சம்பா நேரடி விதைப்பு செய்கிறேன். ஐந்து வருடமாகக் களைக்கு பிஸ்பைரிபேக் சோடியம்தான். முதல் மூன்று வருடம் புல் பழுத்துச் செத்தது. இந்த முறை விதைத்த 32ஆம் நாள், ஏக்கருக்கு 100 மில்லியை நாலு ஸ்பிரேயர் டேங்கில் கலந்து அடித்தேன். கோரை செத்தது, குதிரைவாலிப் புல் அசையவில்லை. இப்போது 50 நாள், புல் பயிரைத் தாண்டி நிற்கிறது. மருந்துக்கடைக்காரர் அளவை இரட்டிப்பாக்கி, கூடவே பெனாக்சுலம் என்கிற இன்னொரு களைக்கொல்லியும் கலந்து அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். கிளைத்துக் கதிர் விடப்போகும் குதிரைவாலியை மட்டும் கொன்று நெல்லை விட்டுவைக்கும் மருந்து எனக்குத் தெரிந்து கிடையாது. இரட்டை அளவு அடித்தால் முதலில் மஞ்சளாவது உங்கள் பயிர்தான்.

பெனாக்சுலம் சங்கதி இன்னும் மோசம். டப்பா வேறு, பெயர் வேறு, ஆனால் இரண்டும் செடிக்குள் முடக்குவது ஒரே நொதியைத்தான். ஒன்றுக்குப் பழகிய புல் மற்றதையும் தாங்கிக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. இதைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. எது தேங்கிக் கிடக்கிறதோ அதைத் தள்ளிவிடுவது அவர் பிழைப்பு. டப்பாவின் துண்டுச்சீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் காசை நீட்டுவது நம் தப்பு.

சரி, இது மருந்துக்கு எதிர்ப்பு வந்த புல்தானா? எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பிஸ்பைரிபேக்கை விதைத்த 15 முதல் 20 நாளுக்குள், புல் இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது, வயல் தண்ணீரை வடித்துவிட்டு அடிக்க வேண்டும். நீங்கள் அடித்தது 32இல். ஏக்கருக்கு எட்டு டேங்காவது வேண்டிய இடத்தில் நாலு டேங்க். போய்ப் பாருங்கள்: பட்டை பட்டையாகப் புல் தப்பியிருந்தால் அது கைத்தவறு. ஒரே வயதுப் புல்லில் ஒன்று செத்து, ஒரு சாண் தள்ளி இன்னொன்று பச்சையாக நின்றால் அது எதிர்ப்பாக இருக்கலாம், அப்போது பயப்படுங்கள்.

அது குதிரைவாலிதானா என்றும் பாருங்கள். இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்தால் நெல்லில் வெள்ளைச் சவ்வு தெரியும், குதிரைவாலியில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். சவ்வு இருந்து, இலை மெலிந்து, கதிர் செந்நிறத்தில் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் அது லெப்டோகுளோவா என்கிற வேறு புல். பிஸ்பைரிபேக்குக்கு அது என்றைக்குமே சரியாகச் செத்ததில்லை. மற்ற புல் செத்த இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: தப்பிய புல்லை என்ன செய்வது? மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. லட்சத்தில் ஒன்றாக ஏற்கெனவே இருக்கும் செடியை விட்டுவைத்து மற்றதைக் கொல்கிறது, அவ்வளவுதான். அந்த ஒன்று ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். நாலு சம்பா கழித்து வயல் முழுக்க அதன் பிள்ளைகள். அதனால் விதை முற்றுவதற்குள் பிடுங்கியே ஆக வேண்டும். ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டாது என்பீர்கள். ஆறு ஏக்கரையும் சுத்தம் செய்ய வேண்டாம், தலை நீட்டுவதை மட்டும் பிடுங்குங்கள். பிடுங்கியதை வரப்பில் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொல்லியும் எல்லோரும் வரப்பில்தான் போடுகிறார்கள், அடுத்த மழைக்கு விதை வயலுக்கே திரும்புகிறது. சாக்கில் திணித்து வெளியே எடுத்துப்போய் எரியுங்கள். அறுவடை இயந்திரம் உங்கள் வயலில் இறங்கும் முன் அதன் பெல்ட்டையும் அடிப்பகுதியையும் கூட்டச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்ப் புல் அதில்தான் சவாரி வருகிறது.

ஹரியானா கோதுமைக்காரர்கள் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தார்கள். குல்லி தண்டா என்கிற புல்லுக்கு வருடா வருடம் ஐசோபுரோட்டூரான் என்கிற ஒரே மருந்தையே அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அது சாக மறுத்தது. புல் மூடிய கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு. பிறகு வந்த புது மருந்துகளில் சிலவற்றையும் அந்தப் புல் தாண்டிவிட்டது.

அடுத்த சம்பாவுக்கு: ஆகஸ்ட் மழையில் முதல் புல்லை முளைக்க விட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து மேலாக ஓட்டிக் கொன்றுவிட்டு விதையுங்கள். ஆழ உழுதால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்துவிடும். காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பென்றால், மண் நனைந்த மூன்று நாளுக்குள் பென்டிமெத்தலின் களைக்கொல்லி அடியுங்கள். அதற்கும் தப்பிய புல்லுக்கு 20 நாளுக்குள் சைஹாலோஃபாப் பியூட்டைல். இது வேறு வழியில் தாக்குவது, ஆனால் கோரைக்குக் கேட்காது.

பிடுங்கும்போது முற்றிய கதிர் கண்ணில் பட்டால் கொஞ்சம் விதையைக் காகித உறையில் எடுத்து வையுங்கள். புது விதை சில மாதம் உறங்கும், கோடையில்தான் முளைக்கும். இந்த மருந்தே படாத ஒரு வயலின் குதிரைவாலி விதையையும் வாங்கி, இரண்டையும் தனித்தனித் தட்டில் முளைக்க வைத்து, மூன்றாம் இலையில் சரியான அளவு அடியுங்கள். மூன்று வாரம் பொறுங்கள். மருந்து படாத வயலின் தட்டு செத்து உங்கள் தட்டு பச்சையாக நின்றால், இரண்டையும் தூக்கிக்கொண்டு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள்.